மொரீசியசில் நடமாடியபடியே கிரியோலும் பிரெஞ்சும்: ஏஆர் கண்ணாடி கொண்டு மொழி கற்க முழுமையான வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ திருமணமாகியோ தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மொரீசியசுக்கு வந்து, வகுப்புக்குப் போக நேரமின்றி, போகிற வழியிலேயே மொழியைப் பிடித்துக்கொள்ள விரும்பும் தமிழர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஏஆர் கண்ணாடி எனப்படும் மிகை யதார்த்தக் கண்ணாடியை வாங்கியவுடன் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: எதிரில் இருப்பவர் பேசுவதை ஆங்கிலத்திலோ, வசதி இருந்தால் தமிழிலோ காட்டும்படி அமைத்துவிட்டு, அந்த வரியைப் படித்தே நாளைக் கடத்துகிறார்கள். அன்றைய காரியம் முடிந்துவிடும், மொழி வராது. தெரிந்த எழுத்து கண்முன் நிற்கும்போது தெரியாத ஒலியைக் காது ஏன் கவனிக்கப் போகிறது? கீழே உள்ள படிகளின் வரிசை இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுப்பதற்காக அமைந்தது. ஆகவே படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

1. எந்த மொழி எங்கே வழங்குகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மொரீசியசில் அரசு ஆவணங்களும் பெரும்பாலான சட்டங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நாளிதழ்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும், கடைப் பலகைகளும் விளம்பரங்களும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்தும் இருக்கின்றன. வீட்டிலும் பேருந்திலும் சந்தையிலும் மக்கள் பேசுவது பிரெஞ்சை அடித்தளமாகக் கொண்ட கிரியோல். இங்கே பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில்கூட வீட்டுமொழி பெரும்பாலும் கிரியோல்தான். அவர்களோடு தமிழிலேயே பழகிவிடலாம் என்று எண்ணி வருபவர்கள் முதல் வாரத்திலேயே திகைத்துப்போகிறார்கள்.

இந்தப் பிரிவினை கண்ணாடிக்கு மிக முக்கியமானது. ஏஆர் கண்ணாடிகளின் நேரடிப் பேச்சு வசதியில் பிரெஞ்சு ஏறக்குறைய எப்போதும் இருக்கும். மொரீசியக் கிரியோல் இருக்கும் என்று நம்பி எதையும் வாங்காதீர்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் 2024ஆம் ஆண்டு மொரீசியக் கிரியோல் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் தட்டச்சு செய்த வாக்கியத்தை மொழிபெயர்ப்பது வேறு, பேருந்து இரைச்சலில் இருவர் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்குவது வேறு.

எனவே வேலையை இப்படிப் பங்கிடுங்கள்: கண்ணுக்குப் பிரெஞ்சு, காதுக்குக் கிரியோல். பிரெஞ்சுக்குக் கண்ணாடியை வாசிப்புக் கருவியாகவும், கிரியோலுக்கு அதையே நினைவூட்டும் சீட்டாகவும் பயன்படுத்தப் போகிறீர்கள்.

2. கண்ணாடியின் வகையைத் தெரிந்து வாங்குங்கள்

ஏஆர் கண்ணாடி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதல் வகையில் கேமராவும் ஒலிபெருக்கியும் உண்டு, திரை கிடையாது. ரே-பான் மெட்டாவின் வழக்கமான மாதிரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்பு காதில் விழும். கேட்டுப் பழக வேண்டிய ஒலியின் மீதே வேறொரு குரல் ஏறிக்கொள்வதால், மொழி கற்பதற்கு இதை நான் கடைசியாகவே வைப்பேன்.

இரண்டாம் வகையில் லென்சுக்குள் எழுத்து மட்டும் தெரியும். ஈவன் ரியாலிட்டீஸ் ஜி1 இதற்கு எடுத்துக்காட்டு: பச்சை நிற எழுத்து, கேமரா இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்குப் பச்சையே மிக எளிதாகப் புலப்படும் நிறம் என்பதால், இங்குள்ள கடற்கரை வெயிலிலும் எழுத்து ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூன்றாம் வகை, எக்ஸ்ரியல் போன்றவை, கைபேசியோடு கம்பியால் இணைந்து பெரிய திரையைக் காட்டும். அது உட்கார்ந்து படம் பார்க்க ஏற்றது, தெருவுக்கு ஆகாது.

என் பரிந்துரை இரண்டாம் வகை. கேமரா இல்லையே என்ற கவலை வேண்டாம். பலகையைப் படிக்கக் கைபேசியின் கேமரா போதும். சந்தையிலும் கோவிலிலும் கேமரா பொருத்திய கண்ணாடியோடு நிற்பவரிடம் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை என்பது மற்றொரு காரணம்.

3. அணிவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். பேச்சு மொழிகளின் பட்டியலில் பிரெஞ்சு இருக்கிறதா, கேட்ட மொழியை அதே மொழியில் எழுத்தாகக் காட்டும் வசதி உண்டா, நீங்கள் இருக்கும் நாட்டில் அந்த வசதி திறக்குமா என்பவையே அவை. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே சில வசதிகளைத் தருகின்றன. தமிழ் இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. காரணம் நான்காம் படியில் வரும்.

பார்வைக் குறை உள்ளவர்கள் தங்கள் பவருக்கேற்ற லென்சோடு வாங்க வேண்டும். வழக்கமான கண்ணாடியின் மேல் இதை மாட்டிக்கொண்டால் எழுத்து கண்ணின் மையத்திலிருந்து விலகி மங்கலாகும். அரை மணியில் தலைவலி வரும்.

பெரும்பாலான கண்ணாடிகளில் பேச்சை எழுத்தாக்கும் வேலை கண்ணாடிக்குள் நடப்பதில்லை. ஒலி கைபேசிக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் இணையத்துக்குப் போய்த் திரும்புகிறது. எனவே கைபேசியில் போதிய டேட்டா வேண்டும். செயலி அனுமதித்தால் பிரெஞ்சு மொழித் தொகுப்பை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கிவைப்பது நல்லது.

கடைசியாக, கருவி எதுவும் கற்றுத்தராத ஒரு சிறு அடித்தளம் உங்கள் வாயில் இருக்க வேண்டும். கிரியோலில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. காலத்தை முன்னே நிற்கும் சிறு சொல் காட்டிவிடும். மோ தி மான்ஸே என்றால் நான் சாப்பிட்டேன், மோ பே மான்ஸே என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், மோ பு மான்ஸே என்றால் சாப்பிடுவேன், மோ ஃபின் மான்ஸே என்றால் சாப்பிட்டாயிற்று. இந்த நான்கையும் மறுப்புக்கு வரும் 'பா' என்ற சொல்லையும் தெரிந்துகொண்ட பிறகே கண்ணாடியைத் தொடுங்கள். இவை மிகக் குறுகிய ஒலிகள். வேகப் பேச்சில் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். எங்கே கேட்கவேண்டும் என்று முன்பே தெரிந்த காதுக்குத்தான் அவை பிடிபடும்.

4. அமைப்புகளை மாற்றுங்கள்: மொழிபெயர்ப்பை அணைத்து, மூல வரியை வையுங்கள்

வழிகாட்டியின் நடுநாடி இந்தப் படிதான், அவசரப்படாமல் செய்யுங்கள்.

செயலியில் 'கேட்கும் மொழி' பிரெஞ்சாகவும் 'காட்டும் மொழி' பிரெஞ்சாகவும் இருக்கட்டும். அதாவது கண்ணாடி மொழிபெயர்க்கக் கூடாது. காதில் விழுந்ததை அதே மொழியில் எழுதிக் காட்டினால் போதும். அப்போது கண்ணும் காதும் ஒரே சொல்லின் மேல் நிற்கும், ஒலி எங்கே முறிந்து எங்கே சேர்கிறது என்று தெரியும்.

தமிழ் வரியை ஏன் வைக்கக்கூடாது என்பதற்கு இலக்கணத்திலேயே காரணம் உண்டு. பிரெஞ்சில் வினை எழுவாயை அடுத்தே வந்துவிடும். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வரும். நேரடியாக மொழிபெயர்க்கும் கருவி பாதி வாக்கியத்தைக் கேட்டு ஒரு தமிழ் வரியைப் போடும். மீதியைக் கேட்டதும் அதை அழித்துத் திருத்தி எழுதும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் வரி கண்முன்னே மாறிக்கொண்டே இருக்க, பேசியவர் மூன்றாம் வாக்கியத்துக்குப் போயிருப்பார். மேலும், பல மொழிபெயர்ப்புக் கருவிகள் இடையில் ஆங்கிலத்தைப் பாலமாக வைப்பதால், பிரெஞ்சிலுள்ள து, வு என்ற வேறுபாடு வழியில் அழிந்துபோகிறது. தமிழில் நீ, நீங்கள் என்றும் கிரியோலில் தோ, ஊ என்றும் நாம் கவனமாகக் காக்கும் மரியாதை, ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்குள் நுழைந்து வெளியே வரும்போது தவறாக வந்து நிற்கும். மாமியாரை 'நீ' என்று அழைக்கச் சொல்லித்தரும் கருவியை நம்பி வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

பொருள் சுத்தமாகப் புரியாதபோது மட்டும் மொழிபெயர்ப்பைத் திறக்கும்படி, அதைக் கண்ணாடிச் சட்டத்தின் ஒரு தட்டலுக்கோ கைபேசியின் ஒரு பொத்தானுக்கோ ஒதுக்கிவையுங்கள். தட்டுவதற்கு முன் ஊகித்துவிடுங்கள். ஊகம் தவறினாலும் நல்லதே. தவறிய ஊகத்தைத் திருத்திக்கொண்ட சொல், சும்மா படித்த சொல்லைவிட நினைவில் நிற்கும்.

மீதி அமைப்புகள் சிறியவை. எழுத்து இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பார்வையின் நடுவில் வைக்காமல் சற்றே கீழே இறக்குங்கள், எதிரில் இருப்பவரின் வாயசைவு மறையக்கூடாது. வாயசைவும் கேட்பதற்கு உதவும். வாட்ஸ்அப் அறிவிப்புகள் கண்ணாடிக்கு வராதபடி அணைத்துவிடுங்கள். தமிழில் ஒரு செய்தி லென்சில் மின்னினால், அதுவரை பிரெஞ்சில் ஓடிய கவனம் முழுவதும் அதன் பின்னே போய்விடும்.

5. முதல் களம்: நிற்கும் எழுத்து

பேச்சு ஓடும், பலகை ஓடாது. எனவே தொடக்கம் பலகையிலிருந்தே. முதல் இரண்டு வாரம் பேச்சு வசதியைத் திறக்கவே வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலையிடம் வரை தினமும் போகும் ஒரே வழியைத் தேர்ந்தெடுங்கள். ரோஸ் ஹில்லிலிருந்து எபெனுக்குப் போகிறவர் அந்த வழியையே கொள்ளலாம். புதுப்புது வழிகள் ஆர்வமூட்டும், ஆனால் ஒரே பலகை மீண்டும் மீண்டும் கண்ணில் படுவதே இங்கே பாடம். காங்காய்ரி என்றால் இரும்புச் சாமான் கடை, தபாஜி என்றால் புகையிலை முதல் ரொட்டி வரை விற்கும் பெட்டிக்கடை, ஆ லுவே என்றால் வாடகைக்கு, ஆ வாந்த்ர் என்றால் விற்பனைக்கு. நின்று, வாய்விட்டுப் படித்து, ஊகித்து, அதன்பின் கைபேசிக் கேமராவால் சரிபாருங்கள். பலகை எழுத்தை உள்வாங்கி மொழிபெயர்க்கும் வேலையில் இந்தக் கருவிகள் பேச்சைவிட நம்பகமானவை. கையால் எழுதிய விலைச்சீட்டில் மட்டும் தடுமாறும்.

நடந்துகொண்டே படிப்பதை அடியோடு தவிர்க்கவும். போர்ட் லூயிசின் நடைபாதைகள் குறுகியவை, மோட்டார் சைக்கிள்கள் எந்தப் பக்கமிருந்தும் வரும். லென்சில் எழுத்து இருக்கும்போது ஓரப் பார்வை இருந்தும் இல்லாதது போலத்தான். வண்டி ஓட்டும்போது கண்ணாடியின் திரை அணைந்தே இருக்க வேண்டும்.

6. எழுத்திலிருந்து ஒலிக்கு: மாற்று விதிகளை மனப்பாடம் செய்யுங்கள்

பிரெஞ்சுப் பலகைகளை முன்னே வைத்ததற்கான காரணம் இங்கே விளங்கும். கிரியோலின் சொற்களில் மிகப் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஒலி மட்டும் சில ஒழுங்கான வழிகளில் மாறியிருக்கிறது. பிரெஞ்சின் 'ஷ' ஒலி கிரியோலில் 'ஸ' ஆகும்: நாற்காலியைக் குறிக்கும் ஷேஸ், சேஸ் ஆகிறது. பிரெஞ்சில் ஜகரம் போல ஒலிப்பது, தேனீயின் ரீங்காரம் போன்ற அதிர்வுள்ள 'ஸ' ஆகும்: மான்ஜே என்பது மான்ஸே ஆனது இப்படித்தான். உதட்டைக் குவித்துச் சொல்லும் பிரெஞ்சு 'உ' பெரும்பாலும் 'இ' ஆகும்.

மற்றொன்று, பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன் தனியாக நிற்கும் சிறு சொல், கிரியோலில் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகிறது. அரிசி திரி, ரொட்டி திபேன், தண்ணீர் திலோ, வீடு லகாஸ். கண்ணாடி இரண்டு சொல்லாகக் காட்டும் இடத்தில் நீங்கள் ஒரே சொல்லாகக் கேட்பது கருவியின் பிழையன்று.

தினமும் பலகையில் படித்த ஐந்து சொற்களை இந்த விதிகளால் கிரியோலாக மாற்றிச் சொல்லிப்பார்த்து, அலுவலகத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சரியா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை இந்த ஒரு பயிற்சியை விட்டுவிட்டு நேராகப் பேச்சுக்குத் தாவியவர்களே பாதியில் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

7. இரண்டாம் களம்: ஓடும் பேச்சு

இப்போது பிரெஞ்சு எழுத்து வரியைத் திறக்கலாம். ஆனால் எங்கே என்பதில் கவனம் வேண்டும். வானொலி, தொலைக்காட்சிச் செய்திகள், அலுவலகத்தில் ஒருவர் மட்டும் பேசும் கூட்டம் ஆகியவை நல்ல தொடக்கம். அங்கே ஒரே குரல், தெளிவான ஒலி, பெரும்பாலும் பிரெஞ்சு. ஓசை குறைவான மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலில் அமர்ந்து கைபேசியில் பிரெஞ்சுச் செய்தியை ஓடவிட்டு, லென்சில் வரியைப் பார்த்துக்கொண்டே போவது மிகப் பயனுள்ள அரை மணி. முதலில் வரியோடு கேளுங்கள், அடுத்து அதே செய்தியைத் திரையை அணைத்துக் கேளுங்கள். இரண்டாம் முறை கேட்பதுதான் பயிற்சி, முதல் முறை அதற்கான ஏற்பாடு.

யாராவது கிரியோலுக்கு மாறினால் எழுத்து வரியை உடனே அணைக்கவும். பிரெஞ்சுக்குப் பழக்கப்பட்ட கருவி, கேட்ட கிரியோல் ஒலிக்கு அருகிலுள்ள ஏதோ ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் போட்டு, படிக்க ஒழுங்காகத் தோன்றும் பொருளற்ற வாக்கியத்தைக் காட்டும். 'தெரியவில்லை' என்று அது சொல்லாது. இந்த வரிகளைப் படித்துப் பழகியவருக்குத் தவறான சொல் பதிந்துவிடும். அதை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

கிரியோலுக்கான செவிப் பயிற்சியை வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகளில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ ப்ளஸ், டாப் எஃப்.எம். இரண்டிலும் அவை கிடைக்கும். திரை அணைந்திருக்கட்டும், தி, பே, பு, ஃபின் இந்த நான்கை மட்டும் வேட்டையாடுங்கள்.

8. மூன்றாம் களம்: வாய் திறப்பது

பேசும் களத்தில் கண்ணாடியின் வேலை, நீங்கள் கடைக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். குறிப்புகளை லென்சில் காட்டும் வசதியில் அன்றைக்குத் தேவையான மூன்று கிரியோல் வாக்கியங்களை மட்டும் ஏற்றுங்கள். வரிசையில் நிற்கும்போது பாருங்கள். உங்கள் முறை வந்ததும் திரையை அணையுங்கள். கண் லென்சில் நிலைத்திருப்பதை எதிரில் இருப்பவர் உடனே உணர்ந்துகொள்வார், உடனே ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ மாறிவிடுவார். அவருடைய மரியாதை உங்கள் பாடத்தைக் கெடுத்துவிடும்.

பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டியான தால்பூரி விற்கும் கடை இதற்கு மிகச் சரியான இடம். இங்கே அதை ஜோடியாகத்தான் விற்பார்கள். மிளகாய் வேண்டுமா, எவ்வளவு என்று கேட்பார்கள். 'என் திகித் பிமான்', அதாவது கொஞ்சம் மிளகாய், என்று சொன்னால் முடிந்தது. கேள்வி மாறாது, பதிலும் குறுகியது, தவறினாலும் நட்டம் காரம் மட்டுமே. கடைக்காரரிடமும் பெரியவர்களிடமும் 'ஊ' என்றே பேசுங்கள். 'தோ' என்பது நெருங்கியவர்களுக்கு.

அடுத்த கட்டம் காய்கறிச் சந்தை. போர்ட் லூயிசின் மத்தியச் சந்தையில் பிரெஞ்சுக் கருவி கைவிடும் இடங்களில் தமிழ்க் காது கைகொடுக்கும். கொத்தோமிலி, காரிபுலே, ப்ரேத் முரும் என்று கூவுவதைக் கண்ணாடி தாறுமாறாக எழுதும். கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை என்று உங்களுக்கு உடனே புரியும்.

யாருடைய பேச்சையாவது எழுத்தாக்கும் முன் அனுமதி கேளுங்கள். குரல் வேறு எங்கோ உள்ள கணினிக்குப் போகிறது என்பதைப் பேசுபவர் அறியமாட்டார். மொரீசியசில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும், மருந்தகத்திலும் வங்கியிலும் கோவிலிலும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைப்பதே முறை.

9. மாலைக் குறிப்பு

அன்று தட்டித் திறந்த மொழிபெயர்ப்புகளைச் செயலியின் வரலாற்றில் பார்த்து, அவற்றிலிருந்து ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் போகாமல் தேர்ந்தெடுத்து அங்கி (Anki) போன்ற நினைவட்டைச் செயலியில் போடுங்கள். தனிச்சொல்லாகப் போடாமல், கேட்ட வாக்கியத்தோடும் கேட்ட இடத்தோடும் போடுங்கள்.

அட்டையைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். மீனையும் நஞ்சையும் குறிக்கும் கிரியோல் சொற்கள் ஒரே ஒரு மெய்யொலியில்தான் வேறுபடுகின்றன. தமிழில் இரண்டும் புவாசோன் என்றே வரும். உணவகத்தில் இது சங்கடமான குழப்பம். பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறையான கிரியோல் எழுத்துக்கூட்டு 2011இல் வெளியிடப்பட்டது; பெரும்பாலும் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறையில் அமைந்ததால், ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

10. அடிக்கடி காணும் தவறுகள்

காலை முதல் மாலை வரை அணிந்திருப்பது முதல் தவறு. தொடர்ந்து பேச்சை எழுத்தாக்கினால் பேட்டரி வேகமாக இறங்கும். கவனம் அதைவிட வேகமாக இறங்கும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போதும்.

எழுத்து தாமதமாக வரும்போது பேசுபவரை நிறுத்தச் சொல்வது இன்னொன்று. சில விநாடித் தாமதம் இயல்பானது. வரியைத் துரத்தாமல் பேச்சைத் தொடருங்கள். கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் விருந்திலோ, தைப்பூசக் காவடி ஊர்வலத்திலோ கருவி பயன்படாது. அங்கே அதைச் சோதிப்பவர்கள் கருவியே மட்டம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ரெயூனியன் தீவில் கற்ற கிரியோலை இங்கே அப்படியே கொண்டுவருவதும், இங்குள்ளதை அங்கே கொண்டுபோவதும் கூடாது. இரண்டும் பிரெஞ்சு அடித்தளம் கொண்டவை. காலம் காட்டும் சொற்களும் வினையமைப்பும் வேறு.

11. கண்ணாடியைக் குறைப்பது

இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், பிறகு இரண்டு நாள். அந்த நாட்களில் புரியாமல் போனவற்றை மட்டும் குறித்துவந்து அடுத்த நாள் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதைக் கற்க வேண்டும் என்று செயலியைவிட அந்தப் பட்டியல் சரியாகச் சொல்லும்.

முகம் பார்க்காமல் தொலைபேசியில் கிரியோலில் ஒரு காரியத்தை முடிக்க முடிந்தால், உதாரணமாகச் சமையல் எரிவாயு சிலிண்டரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி முகவரியும் விளக்க முடிந்தால், கிரியோல் சீட்டுகளை லென்சிலிருந்து நீக்கிவிடலாம். பிரெஞ்சு எழுத்து வரியை மட்டும் அலுவலகக் கூட்டங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்; நாளிதழ் வாசிப்பு எளிதாகும் வரை அதன் தேவை இருக்கும்.